தினம் ஒரு படமா, ஒரே மதகில் ஒரு வருடமா?

கேமரா வாங்கிய புதிதில் எல்லாருக்கும் வரும் வியாதி எனக்கும் வந்தது. முதல் மாதம் தஞ்சாவூர் பெரிய கோயில், அடுத்த மாதம் தாராசுரம், அப்புறம் ஒருநாள் பஸ் ஏறிக் கடற்கரையில் இருக்கும் மனோரா கோபுரம். நாலாவது மாதம் கேமரா பீரோவுக்குள் போய்விட்டது. கும்பகோணம் பக்கத்தில் இருந்துகொண்டு “எடுக்க ஒன்றுமில்லை” என்று சொன்னால் யாராவது அடிப்பார்கள். ஆனால் உண்மையில் அப்படித்தான் தோன்றியது. மலை இல்லை, அருவி இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை தட்டையாக வயல்.

படம் படமாகத் தேடாதே, ஒரு திட்டம் வைத்துக்கொண்டு எடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரி, எந்தத் திட்டம்? அதற்கு அவரிடம் பதில் இல்லை. அதனால் நானே மூன்றைச் செய்து பார்த்தேன். தினம் ஒரு படம் என்பது ஒன்று. ஒரே இடத்தில், ஒரு வாய்க்கால் மதகில், நின்று ஒரு வருடம் எடுப்பது இன்னொன்று. ஒரு பட்டறையைப் பிடித்துக்கொண்டு அங்கே நடக்கும் வேலையை எடுப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே கேமராதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன சென்சார் டிஎஸ்எல்ஆர், கூட வந்த 18-55 கிட் லென்ஸ், பிறகு வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8. ஆகவே இது சாமான்களுக்குள் நடக்கும் போட்டி இல்லை. கணக்கு எழுதும் வேலை எனக்கு. கையில் இருப்பது விடிகாலையும் ஞாயிற்றுக்கிழமையும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் ஓட்டு மதகுக்குத்தான், ஆனால் அதற்கும் ஒரு ஓட்டை இருக்கிறது.

தினம் ஒரு படத்தை ஜனவரி 1-ல் ஆரம்பித்தேன். பொங்கல் வரைக்கும் ஜோர். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாசலில் நின்ற மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் என்று படம் தானாக வந்து விழுந்தது. பிப்ரவரியில் சரக்கு தீர்ந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வரவே எட்டரை ஆகிவிடும். இன்னும் படம் எடுக்கவில்லை என்பது இரவு 11.40-க்கு நினைவு வரும். அடுப்படிக்குப் போய் பித்தளை டபராவை எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து ஒன்று எடுத்துவிட்டுப் படுப்பேன். “இன்னிக்கும் அந்த டபராதானா?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பார். 212-வது நாள் ஜுரத்தில் படுத்தேன், சங்கிலி அறுந்தது. பிறகு உட்கார்ந்து எண்ணினேன். 211-இல் 38 படம் டபரா.

கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 38 படத்தைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் படத்துக்குப் படம் நிறம் மாறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அங்கேதான் பிடிபட்டது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 நொடியில் வைத்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் ஏதோ ஒரு துண்டுதான் மாட்டும். 1/50-க்கோ 1/100-க்கோ இறக்கினால் எல்லாப் படமும் ஒரே நிறத்தில் வந்துவிடும். எஃப் 1.8-ல், அதாவது லென்ஸின் துளையை முழுசாகத் திறந்து, கிட்டப் போனால் டபராவின் முன்விளிம்பு கூர்மையாகவும் பின்விளிம்பு கரைந்தும் போவதும், பித்தளையில் என் சட்டையே தெரிவதும், அதைத் தவிர்க்க எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதும் இதே கணக்கில் சேரும். எந்தப் பொத்தான் எங்கே என்று விரல் தெரிந்துகொண்டது. கண் ஒன்றும் பெரிதாகக் கற்றுக்கொள்ளவில்லை, அதுதான் குறை. நாளைக்கு எதைப் பார்க்கலாம் என்கிற யோசனையே வராது. இன்றைக்கு எதையாவது போட்டு நாளை ஓட்டினால் போதும் என்றாகிவிடும்.

மதகு வேறு மாதிரி. அரசலாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில், எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. சுவரின் வடக்கு ஓரத்தில் ஒரு சிமென்ட் விரிசல். அதில் வலது கால் பெருவிரலை வைத்துக் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். ஞாயிறுதோறும் விடிகாலை, ஒரு வருடம். விதி அவ்வளவுதான். 52-ல் 9 ஞாயிறு போக முடியவில்லை. மழை, கல்யாணம், ஒருமுறை சைக்கிள் பஞ்சர்.

முதல் இரண்டு மாதம் டபராவைவிட மோசமான அலுப்பு. தென்னந்தோப்பு, ஒரு கரன்ட் கம்பம், நடுவில் வயல். என்ன மாறிவிடப் போகிறது? மாறியது சூரியன். ஜூனில் தோப்புக்கு இடது பக்கம் எழுந்தது, டிசம்பரில் கரன்ட் கம்பத்தையும் தாண்டி வலது பக்கம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் உத்தராயணம், தட்சிணாயனம் என்று படித்ததுதான். ஆனால் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று நின்று பார்த்தால்தான் உறைக்கிறது. நம் அட்சரேகையில் அந்த இரண்டு முனைக்கும் நடுவே கிட்டத்தட்ட 48 டிகிரி. என் கேமராவில் 50 எம்எம் அகலவாக்கில் பார்ப்பது 26 டிகிரிக்குப் பக்கம். அதனால் ஜூன் சூரியனையும் டிசம்பர் சூரியனையும் ஒரே சட்டத்துக்குள், அதாவது ஒரே ஃப்ரேமுக்குள், கொண்டுவர 50 உதவாது, 18-க்குப் போயாக வேண்டும். லென்ஸைத் தூரத்துக்கு ஏற்ப வாங்குவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறது என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அந்த விரிசலில் நின்றபோதுதான்.

வெளிச்சக் கணக்கும் அங்கேதான் படிந்தது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். மார்கழிப் பனியில் சட்டம் முழுக்க வெள்ளை. கேமரா அதை அழுக்குச் சாம்பலாக்கித் தந்தது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, கூட்டினால் பனி பனியாக வந்தது. சம்பா பயிர் கரும்பச்சையாக நிற்கும்போது ஓரத்தில் ஒரு கொக்கு நிற்கும். கேமரா பச்சையைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், கொக்கு இறகே இல்லாமல் சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிடும். அங்கே ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். பனிக்குக் கூட்டு, கொக்குக்குக் குறை. இதைப் புத்தகத்தில் நாலு முறை படித்திருந்தேன், நாலு முறையும் மறந்துவிட்டேன். ஒரே இடம் என்பதால் போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. தப்பு எங்கே என்று படமே காட்டிக்கொடுத்தது. தினம் ஒரு படத்தில் இந்த வசதி கிடையாது. இன்றைக்குக் கோலம், நாளைக்குச் செருப்பு, எதை எதோடு ஒப்பிடுவது?

எல்லாவற்றையும்விட, தண்ணீர் வந்த அந்த ஒரு காலை. டெல்டாவில் யாரும் ஆங்கிலக் காலண்டரை வைத்து வருடத்தைக் கணக்குப் போடுவதில்லை, “மேட்டூர் திறந்தாச்சா?” என்பதுதான் கேள்வி. வழக்கப்படி ஜூன் 12. அங்கே திறந்து கல்லணைக்கு வர மூன்று நாலு நாள், அப்புறம் ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால். இருப்பு இல்லாவிட்டால் தள்ளிப் போகும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். 2022-ல் தலைகீழாக, மே 24-லேயே திறந்துவிட்டார்கள். இங்கே ஒரு வருடத் திட்டம் போடுகிறவர் வானிலைக்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மதகைத் திறந்து மூடும் எங்கள் பக்கத்து லஸ்கர், “ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள வந்துரும் தம்பி” என்று சொல்லியிருந்தார். நாலரைக்கே போய் நின்றேன்.

வறண்ட வாய்க்காலில் வரும் முதல் தண்ணீர், தண்ணீர் மாதிரியே இருக்காது. வெளுக்க ஆரம்பிக்கும்போது தூரத்தில் ஏதோ ஊர்வது போல இருந்தது. பழுப்பு நுரை, மூங்கில் சருகு, ஒரு ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில்கள். அந்தக் குப்பையைத் தள்ளிக்கொண்டு பின்னால்தான் தண்ணீர் வந்தது. பாளம் பாளமாக வெடித்த தரையில் இறங்கும்போது சின்னச் சின்னக் குமிழாக விட்டது. வெடிப்பிலிருந்து கிளம்பும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டு இரண்டு மைனாக்கள் தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் நடந்தே வந்தன. நான் சூரியோதயத்துக்காக துளையைச் சுருக்கி எஃப் 11, சென்சாரின் உணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100 என்று வைத்திருந்தேன். அந்த இருட்டில் அது ஷட்டரை 1/4-க்குக் கொண்டுபோயிருக்கும், மைனா வெறும் தீற்றலாக வந்திருக்கும். ஆனால் கண்ணை எடுக்காமலேயே விரல் ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றியது, துளையை 3.5-க்குத் திறந்தது. இது டபரா போட்ட பிச்சை. மதகு மட்டும் செய்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மதகின் ஓட்டை இது. ஒன்பது மாதம் ஆனபிறகு, நடவுக்கு ஆள் கூட்டிவந்த ஒரு அக்கா கேட்டார்: “தம்பி, எப்பப் பார்த்தாலும் அந்தப் பக்கமே பாத்து எடுக்குறீங்களே, அங்க அப்புடி என்னா இருக்கு? குறுவை நடவு பூரா உங்க முதுகுக்குப் பின்னாலல்ல நடந்துச்சு!” திரும்பிப் பார்த்தேன். மேற்கே முழுக்க நடவு வயல். நாற்றுமுடி வீசுவதும், வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்வதும், இரண்டு வாரமாக அங்கேதான் நடந்திருக்கிறது. விரிசலும் பெருவிரலும் என்று விதியைக் கட்டிக்கொண்டு நின்றதில் ஒரு பருவமே போய்விட்டது.

பட்டறைத் திட்டம் நாச்சியார்கோவிலில். குத்துவிளக்குப் பட்டறை ஒன்று. காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து, அடி, தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பூட்டுவார்கள். முதல் மூன்று தடவை கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. டீ குடித்தேன், பேசினேன், சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடவை பெரியவரே, “எடுங்க தம்பி. ஊத்துற நேரத்துல மட்டும் குறுக்க நிக்காதீங்க” என்றார்.

இங்கே வெளிச்சம் ஒரு வம்பு. ஷீட் போட்ட கூரை, உள்ளே இருட்டு, நடுவில் உருகிய பித்தளை தகதகவென்று. உலோகத்துக்கு வெளிச்சம் வைத்தால் ஆள் கரியாகிவிடுவார், ஆளுக்கு வைத்தால் உலோகம் வெளுத்துவிடும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த ஆரஞ்சையே நோய் என்று நினைத்துக் குணப்படுத்திவிடும். டேலைட்டில் பூட்டி வைத்து, பிறகு திருத்த இடம் தரும் ரா ஃபைலில் எடுத்து, உலோகத்தைக் காப்பாற்றி, நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்வதுதான் எனக்கு வேலைக்கு ஆனது. ஊற்றுவது சில நொடிதான். தவறினால் அடுத்த வார்ப்பு வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு நல்ல படம் வந்தது. முகத்தில் ஒளி, கண்ணில் பொறி. ஆறுக்கு எட்டில் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கட்டை விரலைப் படத்தின் கீழ் ஓரத்தில் வைத்தார். “அச்சோட வாயை வெட்டிட்டீங்களே தம்பி. ஊத்துறது உள்ள போவுதா, வெளில போவுதான்னு பாக்குறவனுக்கு எப்புடித் தெரியும்?” சட்டத்தை எங்கே வெட்டுவது என்று அதுவரை அழகை வைத்துத்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன். அடுத்த வார்ப்பில் இரண்டு அடி பின்னால் போய், கை, பாத்திரம், அச்சு வாய் மூன்றும் உள்ளே இருக்கும்படி எடுத்தேன். அந்தப் பிரின்ட் இப்போது பட்டறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலாவது எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.

அப்படியானால் பட்டறைக்குத்தானே முதல் பரிசு என்று கேட்கலாம். கற்றுக்கொள்வதில் ஆழம் அங்கே அதிகம்தான். ஆனால் அடுத்தவர் பிழைப்பு நடக்கும் இடம் அது. உங்களுக்கு லீவு கிடைக்கிற அன்று அவர்கள் வார்க்க மாட்டார்கள். முகூர்த்தச் சீசனில் உங்களைப் பார்த்துப் பேச நேரம் இருக்காது. எட்டு மாதத்தில் நான் பார்த்த வார்ப்பு மொத்தம் ஆறு. ஆறு வாய்ப்பில் கற்றுக்கொள்ளக் கை ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். கேமரா வாங்கிய முதல் வருடம் இதில் இறங்க வேண்டாம்.

திருவிழா துரத்துவதையும் ஒரு திட்டம் என்பார்கள். ஒரே தடவை போனேன், திருவாரூர் ஆழித்தேருக்கு. 96 அடித் தேர், என் கையில் 50 எம்எம், சுற்றிலும் ஆயிரம் செல்போன். சக்கரமும் வடமும் மட்டும்தான் கிடைத்தது. பார்க்க வேண்டிய விழா, நானும் பார்த்தேன். படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் இடமாக எனக்கு அது தோன்றவில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தினம் ஒரு படத்துக்குச் செல்போனே போதும், டபராவுக்கு அதுவே தாராளம். மதகுக்குச் செல்போன் சரிப்படாது. பனியைப் பார்த்ததும் அது கெடுதல் என்று நினைத்துத் தானாகத் துடைத்துத் தெளிவாக்கிவிடுகிறது. தினம் ஒரு படத்தில் யாரும் சொல்லாத செலவு இன்னொன்று உண்டு. சங்கிலி அறுந்த கோபத்தில் கேமராவைப் பீரோவில் போட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து எடுத்தபோது கிட் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்தவர் வாங்கிய கூலியில் பாதி லென்ஸ் வாங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். வாரம் ஒருமுறையாவது வெளியே எடுக்கும் கேமராவுக்குப் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை. மதகுக்கு நான் போடும் ஓட்டில் இதுவும் ஒரு காரணம்.

இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பதாக இருந்தால் முதலில் ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், தினம் ஒரு படம் எடுப்பேன். டபரா வந்தாலும் பரவாயில்லை. அப்புறம் மேட்டூர் திறப்பதற்குள் இடம் பார்த்துவிட வேண்டும். சைக்கிள் தூரத்தில் இருக்கட்டும், கிழக்கும் மேற்கும் இரண்டும் திறந்திருக்கட்டும், ஒதுங்கி நிற்க ஒரு புளியமரம் இருந்தால் ஐப்பசியில் உதவும். பட்டறை அதற்கும் அடுத்த வருடம். நான் இந்த ஜூனிலிருந்து அதே விரிசலில் இடது காலை வைத்து மேற்கே பார்த்து நிற்கிறேன். நடவு ஆரம்பித்துவிட்டது. காலை வெயில் முதுகுக்குப் பின்னால் வருவதால் என் நிழல்தான் ஒவ்வொரு படத்திலும் வந்து விழுகிறது. எட்டு மணிக்கு மேல் கொஞ்சம் குறைகிறது.