கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நிற்பது

குவைத்திலிருந்து இந்த முறை இருபத்திரண்டு நாள் லீவு. புரட்டாசிக் கடைசியில் வந்து தீபாவளி முடிந்து கிளம்பினேன். போர் மோட்டார் ரிப்பேர், வீட்டுக்கு வெள்ளையடிப்பு, தாலுகா ஆபீஸ் வேலை இரண்டு என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்தவன், பாதி நாளை மரங்களுக்குப் பெயர் தேடுவதிலேயே கழித்தேன். அந்தத் தேடலில் யார் உதவினார்கள், எங்கே நேரம் வீணானது என்பதை எழுதிவைக்கிறேன். என்னைப் போல ஊரில் பூட்டிய தோட்டத்தை வைத்துக்கொண்டு வெளியே இருப்பவர்களுக்கு உதவலாம்.

வீடு அரூர் தாலுகாவில். கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். வீட்டுக்குப் பின்புறம் பதினெட்டு சென்ட். அப்பா போய் மூன்று வருடமாகிறது. அவர் யார் யாரிடமோ வாங்கி வைத்தது, தானாக முளைத்தது, பறவை போட்டது எல்லாம் சேர்ந்து உள்ளே நுழைய முடியாதபடி அடர்ந்துவிட்டது. பாம்பு வருகிறது என்று அம்மா போனில் புலம்பியதால் மொத்தமாகச் சுத்தம் செய்துவிடலாம் என்றிருந்தேன். வந்து இறங்கியதும் அம்மாவே தடுத்தார். "என்ன மரம்னு தெரியாம எதுலயும் கை வெக்காத. உங்கப்பா எதுக்காச்சும்தான் வெச்சிருப்பாரு."

சரி. நொச்சி, ஆடாதோடை, மஞ்சள் அரளி, வாதநாராயணன் எல்லாம் அம்மாவுக்கே தெரியும். தெரியாதவை ஆறு. கட்டடப் பராமரிப்பு வேலைக்காரன் புத்தி போகுமா? ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் நம்பர் போட்டேன்.

மூன்றாம் நம்பரை மட்டும் நானே கண்டுபிடித்தேன். வேலியோரம் வரிசையாகப் பதினொன்று, பளபளவென்று பச்சையாக, தண்ணீரே ஊற்றாமல் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. கோனோகார்பஸ். குவைத்தில் ரோட்டோரம், வீட்டு மதில், பள்ளிக்கூடம் என்று திரும்பிய பக்கமெல்லாம் இதுதான். சோமாலியா, ஏமன் கடற்கரைப் பக்கத்து மரம். உப்புத் தண்ணீரும் வெயிலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் தேடி அதன் வேர் எங்கெல்லாம் போகும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அடைத்த சாக்கடைக் குழாய்களிலிருந்து சவுரி முடி மாதிரி கொத்துக் கொத்தாக இந்த வேரை இழுத்துப் போட்டிருக்கிறேன். அப்பாவுக்கு இதை விற்ற நர்சரிக்காரர், வெளிநாட்டு வேலிச் செடி, ஆடு மாடு தொடாது என்று சொன்னாராம். குளிர்காலத்தில் பூத்தால் மகரந்தத்தால் சளி, ஆஸ்துமா வருகிறது என்று குஜராத் அரசு 2023இல் இதை நடக்கூடாது என்று தடை செய்தது. தமிழ்நாட்டிலும் பின்னர் தடை வந்தது. எங்கள் செப்டிக் டேங்க் அந்த வரிசையிலிருந்து ஏழு அடி தூரம். இதை எடுத்துவிடலாம் என்றதும் அம்மா மறுபேச்சு பேசவில்லை.

மீதி ஐந்துக்கு முதலில் போனை எடுத்தேன். இரண்டு செயலிகளில் போட்டோ போட்டுப் பார்த்தேன். ஒரே மரத்துக்குக் காலையில் ஒரு பெயர், மாலையில் ஒரு பெயர். இரண்டாம் நம்பரை ஒன்று சீகைக்காய் என்றது. செயலியை மட்டும் குறை சொல்ல முடியாது. பத்தடி தள்ளி நின்று, இலைக்கூட்டத்தைப் பொத்தாம்பொதுவாக எடுத்த படத்தை வைத்து யாராக இருந்தாலும் என்னத்தைச் சொல்வார்கள்? அடுத்து, மெயின் ரோட்டில் ஒரு நர்சரிக்குப் பையில் இலைகளைப் போட்டு எடுத்துப்போனேன். அங்கிருந்த பையன் தன் போனை எடுத்து, நான் பார்த்த அதே செயலியில் படம் பிடித்தான். இருநூறு ரூபாய்க்கு ஒரு அரளிக் கன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். நர்சரிக்காரர்களுக்கு விற்கிற செடி தெரியும், மற்றது தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

பயிர், பழமரம் சம்பந்தமாகச் சந்தேகம் என்றால் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையம். என்னுடையது பயிரே இல்லை என்பதால் அங்கே போகவில்லை.

பவர் ரம்பம் வைத்திருக்கும் ஒரு மரம் வெட்டுகிறவர் வந்து சுற்றிப் பார்த்தார். மொத்தத்தையும் எடுத்துச் சுத்தம் செய்ய எட்டாயிரம் கேட்டார். முதல் நம்பரைத் தட்டிப் பார்த்து, "வேம்புதாண்ணா, வெறகுக்குத்தான் ஆவும்" என்றார். நான்காம் நம்பருக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் விலையை ஆறாயிரமாகக் குறைத்தார். ஏன் குறைத்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பேரம் பேசாமலே இரண்டாயிரம் குறைந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் ஆடு மேய்க்கும் ஒரு பெரியம்மா வேலியோரம் வந்தார். கேட்டேன். அவருக்கு மரம் என்றால் ஆடு தின்பது, ஆடு தின்னாதது என்று இரண்டே ஜாதி. இரண்டாம் நம்பரைத் தொட்டதுமே "இது அரப்பு, துரிஞ்சின்னும் சொல்வாங்க. ஆடு விடாது. எல காய வெச்சு இடிச்சுத் தலைக்குத் தேய்ச்சிக்கடா" என்றார். உசிலை மரம்தான். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் நெட்டில் தேடினால் மூன்றும் வேறு வேறு மரம் மாதிரி தெரியும். செயலி சீகைக்காய் என்றதும் முழுத் தப்பில்லை. எப்படியோ தலைக்குத் தேய்க்கிற வகையில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. நான்காம் நம்பரைக் காட்டினேன். ஒரு பார்வைதான். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா" என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் தங்கைதான் வழி காட்டினாள். தர்மபுரியில் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர் அவளுடைய சிநேகிதி. போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீளத்துக்குக் கிளை வெட்டி, பூவும் காயும் இருந்தால் அதோடு சேர்த்து, பழைய செய்தித்தாள் மடிப்பில் விரித்து வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, தாளைத் தினமும் மாற்றச் சொன்னார். இலைகளில் ஒன்றிரண்டைத் திருப்பி வைக்க வேண்டும், அடிப்பக்கமும் தெரியணும். பட்டையின் நிறம், மரத்தின் உயரம், பால் வடிகிறதா, கசக்கினால் என்ன வாசனை, பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதை ஓரத்தில் எழுதிவைக்கச் சொன்னார். காய்ந்த பிறகு பூவின் நிறமும் வாசனையும் தெரியாது, அதனால்தான். அம்மியைத் தூக்கி வைத்து நான்கு நாள் காயவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாளைப் பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது பூவையோ இலையையோ இல்லை, இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தை. இலைக்கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது. அதை வைத்துத்தான் எது ஒரு முழு இலை என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். இவ்வளவு நாளாக நான் வேப்பிலை என்று நினைத்தது இலையின் ஒரு துண்டுதான். வேம்பில் நடுக்காம்பின் இரண்டு பக்கமும் சிற்றிலைகள் நேராக அமைந்திருக்கும். முதல் நம்பரிலோ அந்த நடுக்காம்பே மறுபடி கிளை விட்டு, கிளையில்தான் சிற்றிலைகள் இருந்தன. மலைவேம்பு. பிளைவுட்டுக்குப் போகிற மரம். விறகு என்று சொன்னாரே! ஐந்தாம் நம்பர் சொர்க்க மரம், விதையில் எண்ணெய் எடுப்பது. அப்பா ஏதோ ஒரு விவசாயக் கண்காட்சியிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்ததாக அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான்காம் தாளில் இலைகள் எதிரெதிராக இருந்தன. குட்டிப் பூக்கள், நான்கு இதழ் போல. சில வெளிர் மஞ்சளாக, சில கருஞ்சிவப்பாக. கருத்த காய், அதன் தலையில் ஒரு வளையம். பக்கத்தில் என்ன நிற்கிறது என்ற இடத்தில் கறிவேப்பிலை என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஆசிரியை சிரித்தார். பெயரை வாயால் சொல்லவில்லை. தாளின் ஓரத்தில் எழுதித் தள்ளினார். சான்டலம் ஆல்பம்.

சந்தனம்!

இலையை எத்தனை தடவை கசக்கி மோந்து பார்த்திருப்பேன்! ஒன்றும் வராது என்றார். பூவிலும் இல்லை, பட்டையிலும் இல்லை. வயதான மரத்தின் நடு வைரத்தில் மட்டும்தான் அந்த வாசனை. குயிலும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்று விதையைப் போட்டுவிட்டுப் போகும். முளைத்து வரும் சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டவைத்துச் சத்தை உறிஞ்சும். அம்மாவின் கறிவேப்பிலை ஏன் இரண்டு வருடமாகத் தேறவில்லை என்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மரம் வெட்டுகிறவர் ஏன் விலையைக் குறைத்தார், பெரியம்மா ஏன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார் என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது. பெரியம்மாவைப் பார்த்து என்ன சொல்வது? எங்கள் பக்கத்தில் சந்தனம் என்பது வெறும் மரமில்லை. 1992 ஜூன் 20, எங்கள் அரூர் பக்கத்து வாச்சாத்தி கிராமம். நான் அப்போது நான்காம் வகுப்பு. சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்தவர்கள் செய்த அடிதடி, பாலியல் வன்கொடுமைகளுக்காக 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்தத் தலைமுறை ஆட்கள் இந்தப் பெயரைச் சொல்லத் தயங்கினால் அதில் ஆச்சரியமில்லை.

வனத்துறை அலுவலகத்துக்கு நானே போனேன். முதல் நாள் "கேம்ப் போயிருக்காங்க." இரண்டாம் நாள் பார்த்தேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, காசும் யாரும் கேட்கவில்லை. 2002இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பட்டா நிலத்தில் வளர்கிற சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆனால் வெட்டுவது, எடுத்துப்போவது எல்லாம் துறை வழியாகத்தான். சொந்தத் தோட்டமாக இருந்தாலும் நாமாக வெட்டினால் குற்றம். அன்றைக்கு எட்டாயிரமோ ஆறாயிரமோ கொடுத்து மொத்தமாக வெட்டியிருந்தால் என் கதி? சிட்டா நகலோடு எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வனக்காப்பாளர் ஒருவர் பைக்கில் வந்து, நெஞ்சு உயரத்தில் டேப் வைத்துச் சுற்றளவு எடுத்துக்கொண்டு போனார். மனுவின் நகலில் சீல் போட்டு வாங்கிவைத்திருக்கிறேன். போகும்போது, "சும்மா யாருக்கும் சொல்லிட்டு இருக்காதீங்க சார்" என்றார்.

மலைவேம்பை வேறொரு வியாபாரி 4,500க்கு எடுத்துக்கொண்டார். கோனோகார்பஸை வெறுமனே வெட்டினால் அடியிலிருந்து தழைந்துவிடும், அதனால் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினோம். வந்த காசு அதற்கே சரியாகப் போயிற்று. செப்டிக் டேங்க் குழாயில் நான் எதிர்பார்த்த சவுரி முடி இருந்தது. உசிலையும் சொர்க்க மரமும் அப்படியே நிற்கின்றன. ஆறாம் நம்பர் ஒரு புதர். பூ இல்லாமல் ஆசிரியையாலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. பூத்ததும் காயவைத்து அனுப்பினால், தேவைப்பட்டால் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்தில் இருக்கும் உலர் தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். அம்மாவுக்குத் தாள் மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாரம் ஒரு தடவை போனில் தோட்டத்து நிலவரம் சொல்கிறார். உசிலை என்கிறார், சொர்க்க மரம் என்கிறார், ஆறாம் நம்பர் இன்னும் பூக்கவில்லை என்கிறார். நான்காவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. "கறிவேப்பிலைக்குப் பக்கத்துல நிக்குதே, அது நல்லாத்தான் இருக்கு."