‘கோலாலம்பூர்’ என்று கப்பல் அட்டவணையில் இருந்தால் கொஞ்சம் உஷார்

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போகத் திட்டமிடுபவர்களுக்காக எழுதுகிறேன். புக்கெட், பினாங்கு இரண்டும் நன்றாகவே போயின. சிங்கப்பூர் திரும்புவதற்கு முந்தைய நாள், கடைசி நிறுத்தத்தில்தான் வசமாக ஏமாந்தோம்.

அட்டவணையில் ‘கோலாலம்பூர் (போர்ட் கிளாங்)’ என்று போட்டிருப்பார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை நம்புங்கள். கப்பல் நிற்பது புலாவ் இண்டா என்ற தீவில். பாலம் உண்டு, ஆனால் பக்கத்தில் கன்டெய்னரும் கிரேனும்தான். நகரம் சுமார் 60 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தாலே ஒரு மணி நேரம் போய்விடும்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, பத்துமலை முருகன். கப்பல்காரர்களின் சுற்றுலா விலை அதிகம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு டூர்காரரைப் பிடித்தேன். ஆறு பேருக்கு வேன், 550 ரிங்கிட். பத்துமலை, இரட்டைக் கோபுரம், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. முன்பணம் 200. தமிழில் தேனாகப் பேசினார், அதிலேயே பாதி விழுந்துவிட்டேன்.

ஒன்பதுக்கு வர வேண்டிய வேன் பத்தேகாலுக்கு வந்தது. “ஜேம் லா அண்ணே” என்று சாலை நெரிசல்மேல் பழி போட்டார் டிரைவர். சரி என்று ஏறினோம். நகரத்துக்குள் நுழைந்ததும், “அஞ்சு நிமிஷம், டாய்லெட் போயிட்டுக் கிளம்பலாம்” என்று ஒரு சாக்லேட் கடையில் நிறுத்தினார். வாசலிலேயே ஆளுக்கொரு பச்சை ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டினார்கள். டிரைவர் ஒரு நோட்டில் ‘6’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை நானே பார்த்தேன். ஆள் கணக்குக்குக் கமிஷன் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. டுரியன் சாக்லேட்டை வாயில் வைத்தபடி நாற்பது நிமிடம் போனது. அடுத்து ஒரு தைலக் கடை. அங்கே அரை மணி.

பத்துமலை போகும்போது மணி ஒன்று. 140 அடி முருகன் தூரத்திலேயே தெரிந்துவிடுவார். அம்மா வேனுக்குள்ளேயே கை கூப்பிவிட்டார். 272 படி அவரால் முடியாது. அதனால் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காணிக்கையை, மேலே குகைக்கோயில் உண்டியலில் போடச் சொல்லி என் மகனிடம் கொடுத்தார். அவன் பாதிப்படி ஏறியிருப்பான், டிரைவரிடமிருந்து போன் மேல் போன். “கப்பல் போயிரும்ணே, அப்புறம் நான் பொறுப்பில்ல.”

இந்த இடம்தான் முக்கியம். கப்பலே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியாள் வண்டியில் போனவர்களுக்காக நிற்காது. அது உண்மை, அவருக்கும் தெரியும். கடைகளில் நம் நேரத்தைத் தின்றுவிட்டு, மிச்ச நேரத்துக்கு அந்தப் பயத்தைக் காட்டுகிறார்கள். மகனைக் கீழே கூப்பிட்டுவிட்டேன்.

இரட்டைக் கோபுரத்தை வேன் கண்ணாடி வழியாகக் காட்டினார். சாப்பாடு பெட்ரோல் பங்க் கடை ரொட்டி. துறைமுகம் வந்தபோது மணி மூன்றேகால். நாலரைக்குள் ஏறினால் போதுமாக இருந்தது! இறங்குமுன் டோல், பார்க்கிங், ‘ஓவர்டைம்’ என்று 120 ரிங்கிட் கூடுதலாகக் கேட்டார். பைகள் பின்பக்கம் பூட்டியிருந்தன, கொடுத்தேன். கப்பலில் முறையிட்டால், “எங்கள் டூர் இல்லையே” என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

வெளியாளிடம் போவதென்றால் டோல் சேர்த்து எவ்வளவு, கடைக்கு நிறுத்துவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடத்துக்கு முதலில் போகச் சொல்லுங்கள். கோலாலம்பூர் அவ்வளவு அவசியமில்லை என்றால், பாதி தூரத்திலேயே கிளாங் ஊர் இருக்கிறது. தெங்கு கெலானா சாலை முழுக்க நம் கடைகள், நல்ல இலைச்சாப்பாடு.

முன்பணம் வாங்கிய எண்ணுக்கு நான் அனுப்பிய செய்தி இன்னும் ஒற்றை டிக்கில் நிற்கிறது. மஞ்சள் முடிப்பு வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. அவிழ்க்க அம்மா விடவில்லை.