400 மடங்கு நுணுக்குக்காட்டியும் ஒரு குட்டி விண்கலமும்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில ஆய்வுகூடச் சாமான் விக்கிற கடையொண்டில எங்கட பிள்ளையளுக்கு மாணவர் நுணுக்குக்காட்டி வாங்கினன். கூடின உருப்பெருக்கம் 400.

வாங்கத் தூண்டினது ஒரு விண்கலம். 2020இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில, ஸ்டார் ட்ரெக் தொடரில வாற வொயேஜர் கலத்தை 15 மைக்ரோமீற்றர் நீளத்தில முப்பரிமாணமாய் அச்சிட்டவை. லேசர் குவியிற புள்ளியில மட்டும் பிசின் இறுகும். அந்தப் புள்ளியை நகர்த்தி நகர்த்தித்தான் உருவத்தைக் கட்டுறது. இப்பிடிச் செய்த துணிக்கைகளில ஒரு பக்கம் பிளாற்றினம் பூசி ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலில விட்டால், தானாய் நீந்தும்! வடிவம் மாறினால் நீச்சல் எப்பிடி மாறுமெண்டு பார்க்கிறதுதான் நோக்கம்.

"15 மைக்ரோமீற்றர் எண்டால் எவ்வளவு, அப்பா?" எண்டு மகள் கேட்டாள். இரத்தச் செங்குழியம் இருக்கிற கண்ணாடி வழுக்கியை வைச்சுக் காட்டினன். ரெண்டு செங்குழியம் பக்கத்தில பக்கத்தில இருந்தால் முழு விண்கலமும் அவ்வளவுதான். இந்தக் கருவியில செங்குழியம் தெளிவாய்த் தெரியுது. செவ்வரத்தை மகரந்தமணி முள்ளுமுள்ளாய் நிண்ட வடிவு சொல்லி மாளாது. அதோட பார்க்கேக்க விண்கலம் தூசி.

நுணுக்கமாய்க் குவியப்படுத்துற திருகு இளக்கமாய் இருந்தது. கடைக்காரத் தம்பி காசு வாங்காமல் இறுக்கித் தந்தார். விண்கலத்தின்ர நுண்ணிய விளிம்புகளைப் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் வேணும். உயிரியல் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தயங்காமல் வாங்குங்கோ. ஆயத்த வழுக்கிகளையும் சேர்த்துக் கேளுங்கோ.