ஈயப்பட்டியா, செப்புத்தாளா?

யாழ்ப்பாணத்துச் சில பழைய வீடுகளில் கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்திருக்கும். காலை வெயில் சீமெந்துத் தரையில் நிறம் நிறமாக விழுவது அவ்வளவு வடிவு. அப்படி வண்ணக் கண்ணாடி யன்னல் செய்ய இரண்டு வழி உண்டு.

ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய முறை ஈயப்பட்டி. பட்டியின் இரு பக்கப் பள்ளத்திலும் கண்ணாடித் துண்டுகளைச் செருகி, மூட்டுகளில் மட்டும் பற்றவைத்து, இடைவெளியில் புட்டி என்ற அடைப்புப் பசையைத் தேய்ப்பார்கள். மழைத் தண்ணீரைத் தடுப்பது அந்தப் புட்டிதான்.

செப்புத்தாள் முறை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் டிஃபனி நிறுவனம் செய்த வண்ணக் கண்ணாடி விளக்குகளால் பெயர் பெற்றது. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செப்புத்தாளைச் சுற்றி, பொருத்து முழுவதும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை உருக்கி ஓடவிடுவார்கள். கோடு மெல்லிசு, பூவிதழ், இலை நரம்பு எல்லாம் நுணுக்கமாக வரும். மேசை விளக்குக்கு இதுதான் சரி.

யன்னலுக்கு நான் ஈயப்பட்டியைத்தான் சொல்வேன். பந்து பட்டு ஒரு துண்டு உடைந்தால், பட்டியின் விளிம்பை மெல்ல விரித்து அதை மட்டும் மாற்றலாம். செப்புத்தாளில் சுற்றியுள்ள பொருத்தையெல்லாம் உருக்க வேண்டும். ஆனால் ஈயம் மெதுமை. பெரிய யன்னல் நாளடைவில் வயிறு தள்ளும். குறுக்கே ஒரு கம்பி கொடுத்துக் கட்டிவிடுங்கள். எந்த முறையானாலும், வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஈயம் நஞ்சு.