மால்டாவா, மால்மோவா, பிரிட்டனா? கடல்சார் சட்ட மேற்படிப்புக்கான உதவித்தொகைகள்

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது ஒரு பழைய சரக்குக் கப்பல். முதலாளி போனை எடுப்பதில்லை. மாலுமிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. ஒரு புயல் ராத்திரியில் அது தரைதட்டி உடைந்துவிடுகிறது. மறுநாள் காலை துறைமுகத்தின் சட்ட அதிகாரியிடம் மூன்று கேள்விகள் வரும். இதை யார் அகற்றுவது? செலவை யாரிடம் வாங்குவது? மாலுமிகளின் சம்பள பாக்கிக்கு என்ன வழி?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த ஆட்கள் உள்நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வளரும் கடலோர நாடுகளின் அதிகாரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இத்தனை உதவித்தொகைகள். பெயர்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு. சரக்கு ஒப்பந்தம், காப்பீடு, மோதல், பாக்கிக்காக நீதிமன்ற உத்தரவோடு கப்பலைப் பிடித்து வைக்கும் ‘கைது’ எல்லாம் கப்பல் சட்டம். எல்லை, மீன்வளம், கடல் வளங்களில் கரை நாட்டுக்கு உரிமை தரும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம், கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலமான கண்டத்திட்டு எல்லாம் கடல் சட்டம். அதற்கு அடிப்படை 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. எதற்காகப் படிக்கப் போகிறோம் என்று தெரியாமல் விண்ணப்பித்தால், கிடைத்த இடத்தில் தேவையில்லாததைப் படித்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

அரசுத் துறையில் இருக்கும் சட்டப் பட்டதாரிக்கு என் முதல் தேர்வு மால்டா. சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 1988-இல் அங்கே தொடங்கிய சர்வதேச கடல்சார் சட்ட நிறுவனத்தை எல்லோரும் இம்லி என்றுதான் சொல்வார்கள். கப்பல் சட்டம், கடல் சட்டம், கடல் மாசு எல்லாம் ஒரே கல்வியாண்டுக்குள் வந்துவிடும். இடங்களில் பாதி பெண்களுக்கு என்று அதன் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கப்பல் துறையில் பெண்கள் எவ்வளவு குறைவு என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சட்டம் படிக்காதவர்களுக்கு எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைக்குப் பதிலாக எம்.ஹம். என்ற முதுகலைப் பட்டம் உண்டு.

ஆனால் நான் மால்டாவை முன்னால் வைப்பதற்குக் காரணம் வேறு. அங்கே எல்.எல்.எம். மாணவர், ஆய்வேட்டோடு சேர்த்து ஒரு சட்ட முன்வரைவும் எழுதித் தர வேண்டும். ஒரு சர்வதேச உடன்படிக்கையை எடுத்து, அதைத் தன் நாட்டுச் சட்டமாக்கும் வரைவு. உடைந்த கப்பல்களை அகற்றுவது பற்றிய நைரோபி உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். 2007-இல் ஏற்கப்பட்டு 2015-இல் அமலுக்கு வந்தது. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குக் காப்பீடு கட்டாயம் என்கிறது. செலவை நேராகக் காப்பீட்டாளரிடமே கேட்கலாம் என்றும் சொல்கிறது. சரி, அப்படியானால் கரையோரத்தில் உடைந்து கிடக்கும் நம் கப்பலுக்கும் இது பொருந்துமா? தானாகப் பொருந்தாது. உடன்படிக்கையின் இயல்பான எல்லை பொருளாதார மண்டலம். கரையை ஒட்டிய 12 கடல் மைலுக்கும் அது செல்ல வேண்டுமானால் அந்த நாடு தனியாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வரைவு எழுத உட்காரும்போதுதான் இப்படிப்பட்ட இடம் கையில் தட்டுப்படும். பல நாடுகளில் உடன்படிக்கையில் சேர்ந்தால் மட்டும் போதாது, நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டால்தான் நீதிமன்றத்தில் செல்லும். அந்த வேலையைப் படிக்கும்போதே செய்து முடித்துவிட்டு வருகிற அதிகாரியின் மதிப்பே தனி.

மால்மோ வேறு மாதிரி. ஸ்வீடனில் உள்ள உலக கடல்சார் பல்கலைக்கழகமும் ஐ.எம்.ஓ. தொடங்கியதுதான், 1983-இல். அங்கே 14 மாதத்தில் கடல்சார் விவகாரங்களில் எம்.எஸ்சி. கிடைக்கும். கடல்சார் சட்டமும் கொள்கையும் என்பது அதில் ஒரு சிறப்புப் பிரிவு. இது சட்டப் பட்டம் அல்ல என்பதை மனதில் வையுங்கள். பின்னால் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த நினைப்பவருக்கு அந்த வித்தியாசம் உறைக்கும். மற்றபடி அங்கே கேப்டன், தலைமைப் பொறியாளர், துறைமுக மேலாளர் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்கிறார்கள். பட்டம் இல்லாவிட்டாலும் கடலில் உயர்நிலைத் தகுதிச் சான்றிதழும் அனுபவமும் இருந்தால் கதவு திறக்கும். அப்புறம், படிப்பின் நடுவே துறைமுகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் களப்பயணம் உண்டு. கப்பல் பரிசோதகராகவோ கடல்சார் நிர்வாகத்திலோ இருப்பவர் மால்டாவை விட்டுவிட்டு இங்கேதான் போக வேண்டும். அவருக்குத் தேவை சட்டமும் இயந்திர அறையும் சேர்ந்த படிப்பு.

இரண்டு இடத்திலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. இடம் கிடைத்தாலே பணமும் கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தனித்தனி. மால்மோவில் சசகாவா ஃபெலோஷிப் என்ற ஜப்பானிய உதவித்தொகை போல, பணம் கொடுப்பவர்கள் வேறு, அவர்களின் நிபந்தனைகளும் வேறு. வேலை செய்யும் துறையின் பரிந்துரையும் பெரும்பாலும் வேண்டும். அந்தக் கடிதம்தான் உண்மையான இழுபறி. ஃபைல் ஒரு மேஜையில் தூங்கினால் போதும், அந்த வருடம் போய்விட்டது. ஆங்கிலத் தேர்வுக்கு உட்காரும் முன்பே கடிதத்துக்கு எழுதிப் போடுங்கள்.

தனியார் அலுவலகத்தில் இருக்கும் வழக்கறிஞருக்குப் பரிந்துரைக்க அமைச்சகம் ஏது? அவர் பார்க்க வேண்டியது பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை. யாருடைய சிபாரிசுக்கும் காத்திருக்காமல் தானே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 2 வருட வேலை அனுபவம் வேண்டும், மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும். சவுத்தாம்ப்டன், ஸ்வான்சீ இரண்டும் கப்பல் சட்டத்துக்குப் பெயர் போனவை. உலகின் எத்தனையோ சரக்கு ஒப்பந்தங்களும் காப்பீட்டுப் பத்திரங்களும் ஆங்கிலச் சட்டத்தின் கீழ் எழுதப்படுவதால், அந்தச் சட்டத்தை அது பிறந்த ஊரிலேயே படிப்பது தொழிலுக்கு நேரடி லாபம். ஆனால் செவனிங்கின் கேள்விகள் தலைமைப் பண்பு, தொடர்புகள், எதிர்காலத் திட்டம் என்று போகும். கப்பல் கைது பற்றி எல்லாம் தெரிந்தவர்கூட அந்தக் கட்டுரைகளில் சறுக்கலாம். அங்கே பொதுவாகப் பேசாமல், உங்கள் நாட்டில் மாற்ற விரும்பும் ஒரே ஒரு விதியைச் சொல்லி எழுதுங்கள்.

ஆஸ்திரேலிய அரசின் உதவித்தொகையான ஆஸ்திரேலியா அவார்ட்ஸும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். மீன்வளம், கடல் பாதுகாப்பு என்று போகிறவர்களுக்கு வொல்லொங்காங் பல்கலைக்கழகம் நல்ல இடம். நார்வேயை மட்டும் பழைய நினைப்பில் பார்க்காதீர்கள். ஓஸ்லோவின் கடல்சார் சட்டப் படிப்பு தரமானது. கட்டணம் இல்லை என்பதற்காகவே பலர் ஆசைப்பட்ட இடம். 2023 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்கள் அங்கே கட்டணம் கட்ட வேண்டும்.

பட்டம் வேண்டாம், எல்லைக் கோடும் கண்டத்திட்டும்தான் என் வேலை என்பவர்களுக்கு ஐ.நா.வின் ஃபெலோஷிப்கள் இருக்கின்றன. நிப்பான் அறக்கட்டளையோடு சேர்ந்து ஐ.நா. 2004 முதல் நடத்தும் 9 மாதத் திட்டம் இடைநிலை அரசு அதிகாரிகளுக்கானது. ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்திலும் 9 மாதப் பயிற்சி ஒன்று 2007 முதல் நடக்கிறது. இன்னொன்று ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க பெயரில் உள்ளது. கடல் சட்டத்துக்கான மூன்றாவது ஐ.நா. மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, உடன்படிக்கை முடிவதற்கு முன்பே 1980-இல் இறந்துபோன இலங்கைத் தூதர் அவர். வெளியுறவு அமைச்சகத்தில் இருப்பவருக்கு இன்னொரு எல்.எல்.எம்.மைவிட இவற்றில் ஒன்று அதிகம் உதவும்.

கடைசியாக, திரும்பி வரும் நிபந்தனை. செவனிங்கில் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி 2 வருடம் இருக்க வேண்டும்; ஆஸ்திரேலியா அவார்ட்ஸில் 2 வருடம் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். அரசு ஊழியரிடம் அவருடைய துறையும் தனியாக ஒரு பத்திரம் எழுதி வாங்கலாம். எத்தனை வருடம், முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும். விமான டிக்கெட் வந்த பிறகு அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், விண்ணப்பிக்கும்போதே அதன் மாதிரியைத் துறையில் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.