கடற்பாசித் தட்டா, உப்புத்தாளா? சின்னப் பிள்ளைகளுக்கு நிலநடுக்கம்

2025 மார்ச் 28-இல் மியான்மரின் மாண்டலே பக்கம் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் கோயில் தமிழ் வகுப்பில் ‘அ, ஆ’ கூட ஓடவில்லை. தெருவில் லாரி போனாலே பிள்ளைகள் தூணைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் இருப்பது பகோ, பெரியவர்கள் வாயில் இன்னும் பெகு. மாண்டலே இங்கிருந்து வெகு தூரம்தான். ஆனால் அந்த நிலநடுக்கம் பிறந்த சகாயிங் பிளவு, அதாவது நிலத்தடிப் பாறையில் உள்ள நீண்ட வெடிப்பு, எங்கள் பக்கமாகவும்தான் ஓடுகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க இரண்டு வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்.

ஒன்று கடற்பாசித் தட்டு, அதாவது அகர் அகர் ஜெல்லி உறைந்த தட்டு. வீட்டில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுவோமே, அதேதான். தட்டில் ஊற்றி உறையவைத்து, ஊறிய பட்டாணியில் பல்குத்தும் குச்சிகளைச் செருகி வீடு கட்டி மேலே வைக்க வேண்டும். தட்டை ஆட்டினால் குறுக்குக் குச்சி இல்லாத வீடு சாயும், குறுக்குக் குச்சி கொடுத்த வீடு நிற்கும். அப்புறம் ஒரு வீட்டை மரப்பலகையிலும் இன்னொன்றைக் கடற்பாசியிலும் வைத்து ஒரே மாதிரி ஆட்டச் சொன்னேன். கடற்பாசி வீடுதான் அதிகம் தள்ளாடியது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த பெரிய கட்டடம் அன்று ஏன் சரிந்தது என்று பேச இது நல்ல இடம். அந்த நகரம் உட்கார்ந்திருக்கும் களிமண், தூரத்து ஆட்டத்தையும் பெரிதாக்கிவிடும்.

இதில் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், நிஜத்துல தட்டை யார் ஆட்டுறது?” பக்கத்தில் இருந்தவன், “ஆதிசேஷன் தலை மாத்துறாருன்னு பாட்டி சொன்னாங்க” என்றான். பாட்டியின் கதையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உடனே இன்னொரு பிள்ளை, “அப்ப மாண்டலேக்காரங்க என்ன தப்பு செஞ்சாங்க?” என்று கேட்டபோது என் நெஞ்சு கனத்துப்போனது. தட்டை நான் ஆட்டுகிற வரைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குத்தான் உப்புத்தாள். மேசையில் ஒரு தாளைச் சொரசொரப்பு மேலே வர ஒட்டி, இன்னொன்றைச் சின்ன மரக்கட்டையின் அடியில் ஒட்ட வேண்டும். கட்டையில் ஆணி அடித்து ரப்பர் பேண்ட் மாட்டி மெல்ல இழுத்தால், ரப்பர் நீள்கிறது, நீள்கிறது, கட்டை அசையாது. திடீரென்று ஒரே தாவு. பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. ஒன்றை ஒன்று உரசி நகரப் பார்க்கின்றன. உராய்வு விடுவதில்லை. சேர்ந்த இழுப்பெல்லாம் அன்று சில மீட்டர் தாவலாக வெளியே வந்தது. யாருடைய தப்பும் இதில் இல்லை என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த தாவு எந்த இடத்தில் என்று சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். பத்து முறை இழுத்தோம், ஒருவர் கோடும் சரியாக விழவில்லை. தேதி குறித்துப் பயமுறுத்திய வீடியோக்கள் அப்போது கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இந்தக் கோடுகளைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது. பிறகு எங்கள் ஊர்ப் புத்த ஸ்தூபியான ஷ்வேமாதோ பகோடாவுக்குக் கூட்டிப்போனேன். 1917 நிலநடுக்கத்தில் உச்சியிலிருந்து விழுந்த பெரிய செங்கல் துண்டு இன்னும் அங்கே கிடக்கிறது. 1930 மே 5 நிலநடுக்கத்தில் பகோடாவே இடிந்தது. கட்டை இதற்கு முன்பும் எங்கள் ஊரில் தாவியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

வீடு ஏன் விழுகிறது என்பதை உப்புத்தாள் காட்டாது, சரி. ஆனாலும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நான் கடற்பாசியை விட்டுவிடுவேன்.

இரண்டுக்கும் முன்னால், நிலம் ஆடினால் என்ன செய்வது என்ற பயிற்சி வேண்டும். பயந்த பிள்ளைக்கு முதலில் உடம்புக்கு ஒரு வேலை தர வேண்டும். மேசைக்கு அடியில் புகு என்பார்கள். எங்களுக்கோ பாய்தான். அதனால் பீரோவும் கண்ணாடியும் இல்லாத உள்சுவர் ஓரம் மண்டியிட்டு, தலையையும் பிடரியையும் இரு கையாலும் மூடிக்கொள்வது. ஆட்டம் நிற்கும்வரை ஓடக் கூடாது. எங்கள் வாசலுக்கு மேலே கோபுரம், அதில் சுதைப் பொம்மைகள். முதலில் உதிர்வது அவையாகத்தான் இருக்கும். மூடியபடியே தமிழில் அறுபதுவரை எண்ணுகிறார்கள். நாற்பத்தேழுக்கு மேல் தடுமாறியவர்கள்கூட இப்போது தடுமாறுவதில்லை.

நின்றபின் வெளியே வெட்டவெளிக்குப் போக வேண்டும், உடனே திரும்பக் கூடாது. அன்று சுமார் 12 நிமிடத்தில் இன்னொரு பெரிய அதிர்வு வந்தது. பயிற்சியில் செருப்பை எடுக்கத் திரும்புகிற பிள்ளையைத்தான் ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.