இரண்டு வருத்தங்கள்: புளூம்பெர்க்கும் பைடனும்

2020 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி, ஜனநாயகக் கட்சியின் இந்த இரு வேட்பாளர்களும் தங்கள் பழைய காவல், தண்டனைக் கொள்கைகளுக்காக வருந்தினார்கள். பேச்சை விடுங்கள், தேதியைப் பாருங்கள்.

மைக்கேல் புளூம்பெர்க் மேயராக இருந்த நியூயார்க்கில், 2011இல் மட்டும் போலீஸ் சந்தேகத்தின் பேரில் ஆட்களைத் தெருவில் மறித்தது சுமார் 6,85,000 முறை. பத்தில் ஒன்பது பேர் மீது குற்றம் ஏதுமில்லை. பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்). இது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2013 ஆகஸ்டில் நீதிமன்றம் சொன்னபோது, அவரது நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போனது. அதைக் கைவிட்டது அடுத்த மேயர். 2019 நவம்பர் 17இல் புரூக்ளின் தேவாலயத்தில் மன்னிப்பு, 24இல் வேட்பாளர் அறிவிப்பு. நடுவே ஒரே வாரம்!

பைடன் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. அவர் ஆதரித்த 1986 சட்டத்தில், 5 கிராம் கிராக்குக்கும் (புகைக்கும் கட்டி வடிவக் கொக்கைன்) 500 கிராம் தூள் கொக்கைனுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை: ஐந்தாண்டு. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த வேறுபாட்டை நீக்க 2007இலேயே செனட்டில் மசோதா கொண்டுவந்தார். (அப்போதும் அவர் அதிபர் வேட்பாளர்தான்.) ஆனால் தண்டனைகளைக் கடுமையாக்கிய, தன் கைப்பட உருவான 1994 குற்றச் சட்டத்தை 2019 வரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, இவருடையது பாதி வருத்தம். ஆனாலும் கையில் ஒரு மசோதா இருந்தது.